ஒரு நாள் முந்திய காயம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவளுக்கு, அடி விழுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே காயம் வந்துவிடும். திங்களன்று இடது கன்னம் கன்றும். செவ்வாயன்று கணவன் கை நீளும். அடி விழுந்த இரண்டு நாளில் தடம் மறைந்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்து அவனே பதறிப்போய் ஐஸ்கட்டி வாங்கிவந்து ஒற்றினான். மறுநாள், தைக்காமல் விட்ட ஒரு சட்டைப் பொத்தானுக்காக அதே இடத்தில் அறைந்தபோது இருவருக்குமே வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவன் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். “அங்கேருந்து வண்டி கிளம்பிடுச்சுன்னா இங்க வந்துதானே ஆகணும்? இதுல என் கையில என்ன இருக்கு?” என்பான். மாமியாரும், “உன் மூஞ்சியில முன்னாடியே வந்து உக்காந்துக்குது. பாவம், அவன் என்னடி பண்ணுவான்?” என்பாள். தெரு ஒத்துக்கொண்டது. ஆறு வருடம் அவளும்தான் ஒத்துக்கொண்டாள். விதி என்று நினைப்பது, இவன் இப்படிப்பட்டவன் என்று நினைப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

ஏழாம் வருடம் ஒரு புதன்கிழமை காலை, அதுவரை யாரிடமும் அடி வாங்காத ஐந்து வயது மகள், கன்னத்தில் விரல் தடங்களோடு எழுந்தாள். அவன் பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, “நாளைக்கு என்ன சேட்டை பண்ணப் போறியோ” என்றான். அவன் வேலைக்குப் போனதும் அவள் இரண்டு பைகளோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். மறுநாள் வேறு ஊரின் வாடகை அறையில், அப்பா வேண்டுமென்று குழந்தை பகல் முழுக்கக் கத்தியது, தட்டைத் தள்ளிவிட்டது. அவள் கை தானாக ஓங்கிற்று. அப்போதுதான் தடத்தைச் சரியாகப் பார்த்தாள். ஒல்லியான விரல்கள், அவனுடையவை தடிமன். கதவிடுக்கில் வைத்து அவன் நசுக்கியதிலிருந்து கோணிப்போன அவளுடைய சுண்டுவிரல், அதே கோணலோடு குழந்தையின் கன்னத்தில் கிடந்தது. ஓங்கிய கையைத் தொடைக்கடியில் வைத்து, பொழுது சாயும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அடி வராததால் காயம் ஆறவில்லை. பதினெட்டு வருடம் ஓடிற்று. களிம்புகள் தோற்றன, அவன் செத்த தகவல் வந்தது, அதற்கும் மறையவில்லை. அந்தக் கையால் அவள் மகளின் கன்னத்தைத் தொட்டதேயில்லை. முத்தம் கொடுக்கும்போதுகூட அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஓர் அறையைவிட இது மகளுக்கு அதிகம் வலித்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதல் வேலைக்குக் கிளம்பிய காலையில் மகள் கன்னத்தைத் திருப்பிக் காட்டியபடி எதிரே வந்து நின்றாள். “ஒரே ஒரு அறை குடுத்துடும்மா. வாங்கிட்டுப் போயிடறேன். ரெண்டு நாள்ல மறைஞ்சுடும்ல?”

“நேரமாச்சு, கிளம்புடி.”

மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அலுவலகத்தில் கேட்டவர்களிடம், “பொறந்ததுலேருந்தே இருக்குங்க” என்றாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.