கொடியில் ஒரு சட்டை

"முன்ரூம் தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஆம்பளை இல்லாத வீட்டை நம்பி எப்படித் தர்றது? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யார்கிட்ட பேசறது?"

வீட்டு ஓனர் இதை இஸ்திரிக்காரியின் வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, அவளிடமேதான் பேசிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து பிள்ளையையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒண்டியாகத்தான் சுமக்கிறாள். தெருவைப் பார்த்த அந்த அறை கிடைத்தால் இரண்டு மேஜை போடலாம். நனையாமல் வைக்க இடம் இருந்தால் சீருடைகளை மொத்தமாகத் தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துப் போர்ஷனில், உயரத்தால் நெட்டை என்றே பேராகிப்போனவளுக்கும் வேலை ஆகும். நெட்டையும் இரண்டு பிள்ளைகளோடு தனி ஆள்தான். வீட்டு வேலைக்குப் போய் நாலு பேரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஓனர் போனதும் நெட்டை எட்டிப் பார்த்து, இஸ்திரிக்கு வந்த துணி மூட்டைகளைக் காட்டினாள். "ஆம்பளைதானே வேணும்? உன் வீட்டுல மூட்டை மூட்டையா கிடக்கே."

மறுநாள் வாசலில் பெரிய செருப்பு ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது. கொடியில், யாரும் கேட்டு வராத ஒரு பழைய சட்டை ஏறியது. புருஷன் திரும்பி வந்துவிட்டானாம், ராத்திரி வேலையாம், பகலெல்லாம் தூக்கமாம் என்று நெட்டை தெருக்குழாயில் இரண்டு பேரிடம் சொன்னாள். மூன்றாவது ஆளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைகிற ஓனர், வெளியே நின்று இருமினார். அவள் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போன ஒழுகல் குழாய் ஒரே நாளில் சரியானது. "சார் தூங்குறாரா? எழுப்ப வேணாம், எழுப்ப வேணாம்" என்று செருப்பைப் பார்த்துக் கிசுகிசுத்துவிட்டுப் போவார். நிஜப் புருஷன் கூட இருந்த காலத்தில் இவ்வளவு பிரயோசனப்பட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்ரூம் சாவியோடு வருவதாகச் சொல்லி, மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அன்று பார்த்து அந்தப் பழைய சட்டை நைந்து நார்நாராகிவிட, நெட்டை அவசரத்தில் மூட்டையிலிருந்து ஒன்றை உருவிக் கொடியில் போட்டிருந்தாள்.

ஓனரின் மனைவி அண்ணாந்து பார்த்தாள். நீலக் கட்டம். மூன்றாவது பட்டன் சிவப்பு நூலில் தைத்திருந்தது. வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று அவளே தைத்தது.

"என்னங்க, இது உங்க சட்டை."

ஓனர் சிரித்தார். பிறகு பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இஸ்திரிக்கு நான்தான் கொண்டுவந்து போட்டேன்."

"நீங்களா? கல்யாணமானதுலேர்ந்து ஒரு துணிய மடிச்சு வச்சிருக்கீங்களா? சரி, இஸ்திரிக்குப் போட்ட சட்டை கொடியில ஏன் காயுது?"

ஓனர் அவசரமாக இஸ்திரிக்காரியின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டா."

ஏதாவது ஒன்றென்றால் யாரிடம் பேசுவது என்று கேட்டவர், அந்த ஒன்று வந்ததும் பேசியது அவளிடம்தான்.

உண்மையைச் சொன்னால் அறை போச்சு. சொல்லாவிட்டால் இன்னொரு பெண்ணின் நிம்மதி போச்சு. அவள் சட்டையை எடுத்து, சுருக்கம் விழாமல் நிதானமாக மடித்தாள். ஓனர் கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்றும் இருந்தது.

"இந்த வீட்ல ஆம்பளையே கிடையாதும்மா. செருப்பு பழைய சாமான் கடையில எடுத்தது. சட்டை உங்க மூட்டையில வந்தது, தெரியாம மாட்டிட்டோம். சார் மேல ஒரு தப்பும் இல்ல. இந்தச் செருப்பு வந்த பிறகு வாசப்படி தாண்டினதே இல்ல."

அந்த அம்மாள் செருப்பைப் பார்த்தாள். "தங்கமான மனுஷன், இருக்கற இடமே தெரியாதுன்னு நீங்க தினமும் புகழ்ந்தது இதைத்தானா?"

"பாத்தியா, ஆம்பளை இல்லாத வீடுன்னா இப்படித்தான் பித்தலாட்டம்…"

"இப்ப உங்களைக் காப்பாத்தினது அவ வார்த்தை. அதை நம்பறதா வேணாமா? வேணாம்னா இந்தச் சட்டைக்கு வேற கதை சொல்லுங்க, கேக்கறேன்." ஓனரின் மனைவி கையை நீட்டினாள். "சாவியக் கொடுங்க. எங்கப்பா என் பேருக்கு எழுதின வீடு இது. இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட வந்து வாடகைக்குக் கேட்டதில்ல. இவளாவது கேக்கட்டும்."

இஸ்திரிக்காரி கேட்டாள். சாவி கை மாறியது.

இப்போது முன்ரூமில் இரண்டு மேஜைகள். ஒன்றில் நெட்டை, ஒன்றில் அவள். மேஜைக்கடியில் பிள்ளைகள் படிக்கின்றன. கொடியில் சட்டை இல்லை. செருப்பு மட்டும் கிடக்கிறது. நெட்டை தண்ணீருக்குப் போகும்போது அதைத்தான் மாட்டிக்கொள்கிறாள்.

அது நெட்டையின் செருப்பு என்று ஓனருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாசலில் அதைக் கண்டால், பாவம், இன்றைக்கும் குரலைத் தணித்துக்கொண்டுதான் பேசுகிறார்.