முன்னூறு நாற்காலிகள்

காலை ஏழு மணிக்கே வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உட்காரத்தான் இடமில்லை. இத்தனைக்கும் அது நாற்காலி வாடகைக்கு விடும் வீடு; பின்னால் கிடங்கில் முன்னூறு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. ஊரே ‘நாற்காலியம்மா’ என்று கூப்பிட்ட அம்மா, எழுபத்தெட்டு வயதில், நேற்று மாலை பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிவிட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த முன்னூறும் இன்று ஒரு கல்யாணத்துக்குப் பேசி வைத்தவை. நாலு தெரு தள்ளி, பத்து மணிக்குள் போய் இறங்க வேண்டும். ஒப்புக்கொண்டவள் அம்மாவேதான்.

“வேற இடத்துல பாத்துக்கச் சொல்லு,” என்றான் அண்ணன். வெளியூரில் வேலை; விடிகாலையில்தான் வந்து இறங்கியிருந்தான். “ஊருக்கே உக்கார இடம் குடுத்தவ. அவ சாவுக்கு வந்தவங்க கால் கடுக்க நிக்கணுமா? பெத்தவளுக்கு இதைக்கூடச் செய்யலைன்னு காறித் துப்ப மாட்டாங்க?”

தங்கை இருபத்திரண்டு வருடம் அம்மாவோடு தொழிலில் நின்றவள். அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. எழுந்து கிடங்குக்குப் போனாள்.

பூட்டைத் திறந்ததும் பிளாஸ்டிக்கும் சோப்புத் தண்ணீரும் கலந்த வாடை. அம்மாவின் புடவையிலும் இதே வாடைதான். எந்த வீட்டுக்கு அனுப்புவதானாலும் முதல் நாளே ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பாள். இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு, எழுந்து அடுத்தது. கால் லேசாக வளைந்தாலும் தூக்கி ஓரமாகப் போடுவாள். முட்டி வலி வந்த பிறகும் விடவில்லை. “நான் பாக்குறேன், நீ இரும்மா” என்றால், “உனக்கு எடை பத்தாதுடி. சம்பந்திங்க எல்லாம் என் சைஸ்லதான் வருவாங்க” என்பாள்.

லாரியைக் கொண்டுவந்து நிறுத்திய டிரைவர் தலையைச் சொறிந்தார். “ஏத்தவா, வேணாமாம்மா?”

பின்னாலேயே அண்ணன் வந்து நின்றான். “இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“அப்பா செத்தப்ப நீ ஹாஸ்டல்ல இருந்தே. வந்து சேர சாயங்காலம் ஆயிடுச்சு. காலைல நடந்தது உனக்குத் தெரியாது.”

அன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் நாற்காலிகள் இறங்கியிருந்தன. அம்மா ஆள் அனுப்பித் திரும்ப எடுத்துவரச் சொன்னாள். உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி எடுத்து வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, பதினோரு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்காரம்மா முகம் சுளிக்கவில்லை. “உங்க கஷ்டம் உங்களுக்கு” என்றதோடு சரி. திரும்பும் வழியெல்லாம் அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள்: “நாலு திட்டு திட்டியிருந்தா தீந்திருக்கும்டி.” அதற்குப் பிறகு மழையோ காய்ச்சலோ, ஒப்புக்கொண்ட நாற்காலி போகாமல் இருந்ததில்லை.

அண்ணன் நாற்காலி அடுக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றான். “எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.”

“நீ வந்தா உன்னைச் சாப்பிட வைக்கவே அவளுக்கு நேரம் சரியாப் போயிடும்.”

சிரிக்கப் போனவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் அடுக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். “பிடிங்க டிரைவரண்ணே.”

ஒன்பதரைக்கு லாரி வாசலைத் தாண்டியபோது கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சித்தப்பா மட்டும் கத்தினார். “டேய், வந்த சனம் அத்தனையும் நிக்குது. எங்கடா அனுப்புறீங்க? யார் சொன்னது?”

தங்கை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான். “அம்மாதான் சித்தப்பா.”

சித்தப்பா லாரி திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார். “அண்ணி சொல்லிட்டா அப்புறம் என்ன,” என்று முனகியபடி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்.