மூன்று நிமிட வாத்தியார்

பள்ளிக்கூடத்தில் படித்தபோது வான்னஸ் இயற்பியலில் ஒருமுறைகூடத் தேறியதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எங்களிடம் வருவதற்கு முன்னால், குழந்தைகள் நாடகக் குழு ஒன்றில் குதிரையின் பின்பாதியாக இருந்தார். முன்பாதிக்காவது கனைக்கிற வேலை இருந்தது. இவருக்கு வால் மட்டும்தான்.

எங்களிடம் என்றால், பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்துக் கால்வாய் ஓரம், பழைய நூற்பாலை ஒன்றில் நடந்துவந்த 'மூன்று நிமிடப் பள்ளி'. கணக்கோ, அறிவியலோ, வரலாறோ, எந்தப் பாடமானாலும் மூன்று நிமிடக் காணொளியாகச் சுருக்கிப் பள்ளிகளுக்கு அனுப்புவது எங்கள் தொழில். நான் கேமராமேன். நெப்போலியனுக்கும் மூன்று நிமிடம், தவளையின் செரிமானத்துக்கும் மூன்று நிமிடம். எங்கள் நிர்வாகி லோடவைக் இதைச் சமத்துவம் என்பார்.

அறிவியல் பாடங்களை எழுதியவர் லீஸ்பெத். பக்கத்து ஊரான ஏக்லோவில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆசிரியை. வாரத்தில் இரண்டு மாலை எங்களுக்கு எழுதிக் கொடுப்பார். ஆரம்பத்தில் அவரையேதான் கேமரா முன்னால் நிறுத்தினோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'பொதுவாக', 'சில நிலைமைகளில்' என்று வேலி போட்டார். யோசிக்கும்போது கூரையைப் பார்த்தார்.

"பாத்தா விஷயம் தெரிஞ்சவங்க மாதிரியே இல்லையே," என்றார் லோடவைக்.

"விஷயம் தெரிஞ்சவங்க இப்படித்தான் பேசுவாங்க."

"பசங்களுக்கு அதெல்லாம் வேணாம் மேடம். மூளை உங்களோடது இருக்கட்டும். மூஞ்சிய நான் வேற இடத்துல பாத்துக்கறேன்."

லீஸ்பெத் தாள்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் என்னிடம், "என் மூஞ்சிக்கு என்னய்யா?" என்று கேட்டார். நல்ல முகம்தான் என்றேன். "பொதுவாகவா, சில நிலைமைகளிலா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அப்படி வந்தவர்தான் வான்னஸ். அறிவியலுக்கு வெள்ளைக் கோட்டு, வரலாற்றுக்குக் கம்பளிச் சட்டை, கணக்குக்குக் கண்ணாடியில்லாத மூக்குக்கண்ணாடி. எதிரே திரையில் எழுத்து ஓடும்; அந்த நொடியில் தனக்கே தோன்றியதுபோல அதைப் படிப்பார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று. திரைச்சீலையை இழுத்துவிட்டு, காணொளியைத் தட்டிவிட்டு, ஓய்வறைக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம் அல்லவா?

தெருவில் ஆட்கள் வான்னஸை நிறுத்திச் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். கூரையில் சூரியத் தகடு போடலாமா, எந்தப் பக்கம் போடலாம் என்று. முதலில் "நானு வெறும் நடிகன்க" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். ஒருநாள் உருளைக்கிழங்கு வறுவல் கடை வரிசையில் ஒரு பெண், மகனுக்குக் காதுவலி என்றாள். வான்னஸ் பையனின் காதை இழுத்து உள்ளே பார்த்து, "வெப்பத்தில் விரியும்" என்றார். போன வாரத்துப் பாடம் அது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மின்காந்தத் தூண்டல் பாடத்தில்தான் வினை வந்தது. காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் அசைத்தால் மின்சாரம் தூண்டப்படும் என்று லீஸ்பெத் தெளிவாக எழுதியிருந்தார். வான்னஸ் வாயில் அது 'மின்காந்தத் தூண்டில்' என்று வந்தது. ஒருமுறை அல்ல, அந்தச் சொல் வந்த இடமெல்லாம்.

"தூண்டில் இல்ல, தூண்டல். திரும்ப எடுங்க," என்றார் லீஸ்பெத்.

லோடவைக் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த டேக்ல முகத்துல ஒரு களை இருக்கு. ஒரு எழுத்துதானே மேடம், யாரு கவனிக்கப் போறா?"

பிள்ளைகள் கவனித்தார்கள். தேர்வில் எல்லா ஊரிலும் 'தூண்டில்' என்றே எழுதினார்கள். ஒரு சிறுமி மீன்கூட வரைந்திருந்தாள். மற்ற ஆசிரியர்கள் மதிப்பெண் போட்டுவிட்டுப் போக, லீஸ்பெத் மட்டும் தன் வகுப்பில் தப்பு என்று சிவப்பு மை போட்டார். ஒரு பல் மருத்துவர், மகளின் அந்தச் சிவப்பு மை விடைத்தாளோடு கல்வித் துறைக்குப் போனார். துறை விசாரணைக்குக் கூப்பிட்டது. வல்லுநராக அழைக்கப்பட்டவர் வான்னஸ்.

நானும் போயிருந்தேன். நீள மேசை, காப்பி, பக்கத்தில் ஒரு பிஸ்கட்டு. வான்னஸ் வெள்ளைக் கோட்டிலேயே வந்திருந்தார்.

"நீங்க தெரிஞ்சேதான் தூண்டில்னு சொன்னீங்களா?" என்று அதிகாரியம்மா மரியாதையாகக் கேட்டார்.

வான்னஸ் ஒரு நடிகருக்குரிய மௌனத்தை எடுத்துக்கொண்டார். "காந்தத்தைப் போடறோம். மின்சாரம் மாட்டுது. இத தூண்டில்னு சொல்லாம வேற என்னங்க சொல்றது?"

மேசை முழுவதும் தலைகள் ஆடின. இவ்வளவு எளிமையாக இதை யாரும் விளக்கியதில்லை என்றார் ஒருவர். இரண்டு சொல்லும் சரியே என்று முடிவாயிற்று. லீஸ்பெத்துக்குப் புத்தாக்கப் பயிற்சி பரிந்துரைக்கப்பட்டது. பயிற்சி என்பது வேறொன்றும் இல்லை, வான்னஸின் அறிவியல் காணொளிகளை முழுவதும் உட்கார்ந்து பார்ப்பது.

"அதையெல்லாம் எழுதினதே நான்தான்," என்றார் லீஸ்பெத்.

"அப்ப உங்களுக்கு இன்னும் சுலபமா இருக்கும்," என்றார் அதிகாரியம்மா.

லீஸ்பெத் பார்த்தார். தான் எழுதியதைத் தனக்கே சொல்லிக்கொடுக்கும் அந்த வெள்ளைக் கோட்டை, ஒரு கண்காணிப்பாளர் பக்கத்தில் இருக்க, கடைசிவரை பார்த்தார். சான்றிதழும் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் அவர் கொடுத்த பாடம், 'வானம் ஏன் நீலமாக இருக்கிறது'. எப்போதும் மூட்டமான எங்கள் ஊர் வானத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாத கேள்விதான். லோடவைக் பக்கத்து அறையில் போனில் இருந்தார். வான்னஸ் கோட்டை மாட்டிக்கொண்டார். எழுத்து ஓடத் தொடங்கியது. கடலையும் சூரியனையும் பற்றி அழகாக இரண்டு வரி படித்தார். பிறகு அதே கனிவோடு, அதே புன்னகையோடு தொடர்ந்தார்:

"வானம் ஏன் நீலம்னு எனக்குத் தெரியாது. நான் நடிகன். இதுவரைக்கும் நான் சொன்ன எதுவும் எனக்குப் புரிஞ்சதில்ல. இப்ப இந்தத் திரையை நிறுத்திட்டு, உங்க ஆசிரியரக் கூப்பிட்டுக் கேளுங்க."

லீஸ்பெத் சுவரோரம் கைகட்டி நின்றார். நான் கேமராவை நிறுத்தவில்லை.

வான்னஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ போலாமாய்யா? 'நடிகன்'னு சொல்றப்ப குரல் கொஞ்சம் தட்டையா இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

"எனக்கும் நிறைவா இருந்துச்சு," என்றார் லீஸ்பெத்.

லோடவைக் வந்து, ஒலியை வைக்காமல் படத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தார். களை இருந்தது. அனுப்பச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் புகார்கள் குவிந்துவிட்டன. ஒன்றுகூடப் பிள்ளைகளிடமிருந்து இல்லை, எல்லாம் ஆசிரியர்களிடமிருந்து. ஓய்வறைவரை பிள்ளைகள் வந்து கேள்வி கேட்கிறார்கள், பாதிக் காப்பியில் எழுந்து போக வேண்டியிருக்கிறது, பாடம் நடத்தும் பொறுப்பை தங்கள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருந்தார்கள். ஆன்ட்வெர்ப் நகரத்து ஆசிரியர் ஒருவர், பதில் தெரியாமல், வகுப்பை வெளியே கூட்டிப்போய் வானத்தைக் காட்டியிருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்ததாம்.

லீஸ்பெத்தின் வகுப்பிலும் ஓடியது. திரை நின்றதும் ஒரு பையன், "டீச்சர், உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டான். தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொட்டுப் பால் விட்டு, விளக்கடித்து, நீலம் எப்படி வருகிறது என்று காட்டினார். 'பொதுவாக' என்றார், 'சில நிலைமைகளில்' என்றார், கூரையைப் பார்த்தார். மணி அடித்தும் முடியவில்லை.

"எல்லாரும் கவனிச்சாங்களா?" என்று பிறகு கேட்டேன்.

"பாதிப்பேரு தூங்கிட்டாங்க. மிச்சப் பாதி தூங்கல. அத நினைச்சு நினைச்சு ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் வரல," என்றார்.

லோடவைக் லீஸ்பெத்தை எழுதும் வேலையிலிருந்து நீக்கினார். அதற்குள் செய்தித்தாள்கள் வான்னஸைப் பிடித்துக்கொண்டன. தனக்குத் தெரியாது என்று சொல்லும் துணிவுள்ள ஒரே கல்வியாளர் என்று எழுதின. துறை அவருக்கு நேர்மைக்கான ஆசிரியர் விருது அறிவித்தது. லோடவைக் கேக் வெட்டினார்.

விழாவுக்கு முன்தினம் வான்னஸ் லீஸ்பெத்துக்குப் போன் செய்தார்.

"நன்றியுரை ஒண்ணு எழுதித் தரணுமே. மனசுலேர்ந்து வர்ற மாதிரி இருக்கணும். கஷ்டமான வார்த்தை மட்டும் வேணாம்."

"உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க, எழுதறேன்."

வான்னஸ் வெகுநேரம் யோசித்தார். "அதையும் நீங்களே போட்டுருங்களேன்," என்றார்.

லீஸ்பெத் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மேடையில் விருதை வாங்கிக்கொண்டு வான்னஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். எதிரே ஓடும் எழுத்து எதுவும் இல்லை. வாயைத் திறந்தார், மூடினார். கண் கலங்கியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த மௌனத்தை நான்தான் படம்பிடித்தேன். மூன்று நிமிடத்துக்கு வெட்டி, 'பணிவு' என்ற தலைப்பில் நன்னெறிப் பாடமாக இப்போது எல்லாப் பள்ளிகளிலும் காட்டுகிறார்கள்.