அடியில் நின்ற வெள்ளை

மேசைமேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள். உப்புத் தண்ணீர், இரண்டு சொட்டுப் பால் விட்ட தண்ணீர், சாக்பீஸ் தூளைப் போட்டுக் கலக்கிய தண்ணீர். வகுப்பறை ஜன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச் அடித்தேன். உப்புத் தண்ணீரில் வெளிச்சம் போன தடமே தெரியவில்லை, அது கரைசல். பால் தண்ணீரில் வெளிச்சம் பளிச்சென்று கோடு போட்டது, எவ்வளவு நேரம் வைத்தாலும் அது அடியில் படியாது, கூழ்மம். மூன்றாவதற்குப் போவதற்குள் ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை என்பதால் அதை விளக்கியும் சொன்னேன். அதற்குள் தூள் மொத்தமும் இறங்கிவிட்டது. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கெட்டியாக வெள்ளை.

"இது தொங்கல். சும்மா விட்டா படிஞ்சிடும். குலுக்கினாத்தான் எல்லா இடத்துலயும் சமமா இருக்கும்."

"அப்ப மேல குடிக்கிறவனுக்கு வெறும் தண்ணி, கடைசியா குடிக்கிறவன் செத்தான். அப்படித்தானே சார்?" என்றாள் கடைசி பெஞ்சு வாயாடி.

என் ஜோக்குக்குச் சிரிக்காத வகுப்பு அவளுக்குச் சிரித்தது. நான் டம்ளரின் அடியில் நின்ற வெள்ளையையே பார்த்தேன்.

என் மகளுக்கு வலிப்பு உண்டு. அதற்கு வெள்ளையாக ஒரு மருந்து, பாட்டிலில் வரும். புது பாட்டிலைத் திறந்த அன்று மனைவி அதைக் குலுக்கப் போனாள். நான்தான் தடுத்தேன். குலுக்கினால் நுரைக்கும், நுரைத்தால் அளவு தப்பும் என்று பாடமே எடுத்தேன். 'நன்றாகக் குலுக்கவும்' என்று ஒட்டியிருந்ததை அவள் காட்டியபோது, அதெல்லாம் சயின்ஸ் தெரியாதவர்களுக்கு என்றேன். அன்றிலிருந்து ஆடாமல் அசையாமல் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து அளந்து கொடுத்தோம். நடுவில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று திட்டினேன். இன்று காலை பாட்டிலில் ஒரே ஒரு வேளைக்கு மிச்சம் இருந்தது. மதியத்துக்கு.

வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மனைவி எடுக்கவில்லை. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை முடுக்கினேன். சிக்னலில் நிற்கும்போது, அவள் மருந்து கொடுக்க மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவளுடைய மறதியை நான் கிண்டல் செய்யாத நாளே கிடையாது.

கதவைத் திறந்தவள், "என்ன விஞ்ஞானி, பள்ளிக்கூடத்துல துரத்திவிட்டுட்டாங்களா?" என்றாள்.

"மருந்து குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு. நீங்க சொன்ன மாதிரிதான், குலுக்கவே இல்ல. அடியில நிறைய ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு தண்ணி விட்டு அலசி, அதையும் ஊட்டிட்டேன்."

பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். நான் அவள் எதிரிலேயே டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரல் மாறியது. "பாட்டிலோட உடனே கூட்டிட்டு வாங்க. மருந்து கூடிப்போச்சான்னு தெரிய, நடக்கும்போது தள்ளாடுறாளா, கண்ணு துடிக்குதான்னு பாருங்க."

மனைவி செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"எலிக்குட்டி, அந்த டைல்ஸ் கோட்டு மேலயே நடந்து அப்பாகிட்ட வா பாப்போம்."

"எதுக்குப்பா?"

"சும்மாதான். சர்க்கஸ்."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கைகளை விரித்தாள். இரண்டு எட்டு நேராக வந்தாள். மூன்றாவதில் இடது பக்கம் சாய்ந்தாள். அப்புறம் வலது பக்கம்.

"விளையாடாதம்மா. ஒழுங்கா நட."

"கயித்து மேல நடக்குறேன்ப்பா! கீழ முதலை இருக்கு!"

கோமாளித்தனத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவேன். மண்டியிட்டு அவள் கண்களைப் பார்த்தேன். முதலையைத் தேடி அவை அங்குமிங்கும் ஓடியதில் எது துடிப்பு என்றே தெரியவில்லை.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் ஒரு காலைத் தூக்கியபடி கோட்டின் மேல் ஆடிக்கொண்டே நின்றாள், நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தபடி.