முந்நூறு புட்டிகளில் ஒரு திட்டு

திருகுமூடி போட்ட அந்த முந்நூறு புட்டிகளில் எதைத் திறந்தாலும், ஒயின் வாசனைக்கு முன்னால் ஒயின்காரரின் மனைவி திட்டுவது கேட்கும். வெள்ளை ஒயினைப் புட்டியில் அடைத்த அன்று அவள் மூடி போடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கத்தினாள். கத்தியது உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். அவளுடைய அப்பா தக்கை வியாபாரி. தக்கை போட்டால் பன்னிரண்டு புட்டிக்கு ஒன்று நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறுகிறதென்று, மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒயின்காரர் பாதிச் சரக்கை அலுமினிய மூடிக்கு மாற்றிவிட்டார். "எங்கப்பா பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா!" என்றவள், அன்றே ரொட்டிக்கடை மாடியிலிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் வருடம் வாங்கியவர்கள் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுவருடம் அதற்காகவே வாங்க வந்தார்கள். அடுத்தவன் வாங்கும் திட்டைக் கேட்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஒயினைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்து அம்மாள் மட்டும் வருடத்துக்கொரு முறை தக்கை, திருகுமூடி இரண்டு வகையிலும் ஒன்றைத் திறந்து குறித்துக்கொண்டாள். தக்கைப் புட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை: ஒன்று முணுமுணுத்தது, ஒன்று இருமியது, ஒன்று ஊமை. ஐந்து வருடத்தில் அவற்றில் கோபமும் தீர்ந்தது, வாசனையும் தீர்ந்தது. திருகுமூடியிலோ எழுத்துப் பிசகாமல் அதே திட்டு, அதே ரோஜா, அதே எலுமிச்சை. திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை கொஞ்சம் வரும், கோப்பையைச் சுழற்றினால் போய்விடும். "இதுக்கு வயசே ஆகாது சார்," என்றாள் அந்த அம்மாள். புட்டிக்குள் தணியாதது ரொட்டிக்கடை மாடியில் மட்டும் எப்படித் தணியும்? அவள் திரும்பி வருவாளா, அது ஒன்றுதான் ஒயின்காரருக்குத் தெரிய வேண்டும். மாமனார்கூட இதற்குள் குடைக்கடை வைத்து நன்றாகவே இருந்தார். மகள்தான் இறங்கி வரவில்லை.

ஏழாம் வருடம் திட்டிலிருந்து 'மனுஷனா' விழுந்துவிட்டது. ஒன்பதாம் வருடம் தேன் வாசனை வந்தது. திட்டு 'எங்கப்பா' வரை வந்து நின்றது. பதினொன்றில் ஒரு பெருமூச்சு மட்டும். "நான் சொன்னது தப்பு சார். வயசாகுது, ஆனா ரொம்ப நிதானமா ஆகுது," என்றாள் அம்மாள். பன்னிரண்டாம் வருடம் மிச்சம் ஒரே புட்டி. அதை ஆய்வுக்கூடத்துக்குத் தர முடியாதென்று ஒரே பிடியாக நின்ற ஒயின்காரர், நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ரொட்டிக்கடை மாடிப்படி ஏறினார்.

கதவைத் திறந்த மனைவி உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் புட்டியை நீட்டினார். "நீயே திற," என்றார். அவள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள். ஆரஞ்சுத் தோல், தேன், வயதான வெள்ளை ஒயினுக்கே உரிய துளி மண்ணெண்ணெய் வாடை. பிறகு அவளுடைய குரல், அன்றைக்கு அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னது: "ஐயோ, கட்டைவிரல்ல ரத்தம் வருதே!"

அன்று அந்த இயந்திரம் அவர் விரலைக் கிழித்திருந்தது. அதை அவள் கவனித்தாள் என்பது இத்தனை வருடமும் அவருக்குத் தெரியாது.

"பாத்தேன்," என்றாள் அவள். "பாத்துட்டுத்தான் போனேன். கேக்கணும்னு தோணிச்சு, வீம்புல கேக்கல."

அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலில் இருந்த வடுவைத் தடவினாள். பிடித்த கையை விடாமலே உள்ளே திரும்பி, "அக்கா, கோப்பை மூணு எடுத்து வை," என்றாள்.