ஞானப்பூவுக்கு வராத ஜெபம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவள் ஞானப்பூதான். வேதக்காரர் வீடா, சாமி கும்பிடுகிறவர் வீடா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். கட்டிப்பிடித்து அழுவாள், கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், "ஆண்டவரே, இந்த வீட்டாரைத் தேற்றும்" என்று ஜெபம் பண்ணுவாள். அழுகிறவர்களோடு அழச்சொல்லும் வேதவசனத்துக்கு அவளைத்தான் உபதேசியார் பிரசங்கத்தில் உதாரணம் காட்டுவார்.

ஆனால் அந்த வசனத்துக்கு முதல் பாதி ஒன்று உண்டே! சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்பட வேண்டுமாம். அங்கேதான் வந்தது வினை.

காலைப் பெரட்டில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது, தோட்டத்துத் துரை மாசிலாமணியைக் கங்காணியாக்கிவிட்டார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற மாசிலாமணி! ஞானப்பூவின் புருஷன் ஏசடியான் அவனுக்கு முந்தியே தோட்டத்துக்கு வந்தவன். அடுத்த கங்காணி அவன்தான் என்று ஞானப்பூ லயமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஏசடியான் என்னவோ, "விடு புள்ள, அவனும் நல்லவன்தான்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். அவளுக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. மாசிலாமணியின் பெண்சாதி எஸ்தர் அந்தப் பக்கம் சிரித்தால் எரிந்தது. முறுக்குச் சுடுகிற வாசம் வந்தாலும் எரிந்தது.

கங்காணி வேலை கிடைத்ததற்காக ஞாயிறு சாயங்காலம் எஸ்தர் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். போகாமல் இருக்க முடியுமா? அடுத்த வாரம் பாதிரி ஐயர் வருகிறார், இராப்போஜன அப்பம் கொடுப்பார். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு அதற்குக் கைநீட்ட ஞானப்பூவுக்குப் பயம். எப்படியாவது வாய் நிறைய ஒரு ஸ்தோத்திரம் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று போய் உட்கார்ந்தாள்.

பாயில் இருப்பவர்கள் வரிசையாக ஆளுக்கொரு ஜெபம் பண்ணுவது அந்தச் சபை வழக்கம். இவள் முறை வந்தது. கண்ணை மூடினாள். "ஆண்டவரே..." என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அப்புறம் பழகிய வாய் தானாக ஓடியது:

"ஆண்டவரே, இந்த வீட்டாரைத் தேற்றும். இவங்க கண்ணீரைத் துடையும். இந்த நஷ்டத்தைத் தாங்குற பெலனைத் தாரும்..."

கூட்டம் கண்ணைத் திறந்துவிட்டது. உபதேசியார் செருமினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காணி வேலை கிடைத்த வீட்டில் சாவு ஜெபம்! ஞானப்பூ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடினாள்.

பின்னாலேயே எஸ்தர் வந்தாள்.

"வேணும்னு செய்யலடி," என்றாள் ஞானப்பூ. "பொறாமைடி. வயிறு எரியுது. ஒங்களுக்காகச் சந்தோசப்பட எனக்கு வரமாட்டேங்குது."

"தெரியும்க்கா."

"என்னாத்த தெரியும் ஒனக்கு?"

எஸ்தர் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். "போன வருசம் ரெண்டு வீட்டுலயும் புள்ளைக காய்ச்சல்ல கெடந்திச்சுக. ஒங்க மக எந்திரிச்சிருச்சு. என் மகன் போயிட்டான். நீங்க என்னையக் கட்டிக்கிட்டு அழுதீங்க. எனக்கு ஒங்களப் புடிச்சுத் தள்ளணும்போல இருந்திச்சு."

ஞானப்பூ முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள். "அடிப்பாவி! நீதானேடி அப்ப எம் மகளுக்குச் சோறூட்டுன? நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா நீதானே பாத்துக்கிட்ட?"

"எரிஞ்சுக்கிட்டேதான் ஊட்டுனேன்."

"எப்படிடி ஆறுச்சு?"

"எங்க ஆறுச்சு? இப்பவும் ஒங்க மகளுக்குத் தலை சீவுறப்ப செத்த நேரம் எரியும். சீவி முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்."

உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. ஞானப்பூ மூக்கைச் சிந்திவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணியை ஊற்றினாள். முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மாசிலாமணியின் முன்னால் நின்றாள். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"குடிங்க, கங்காணி," என்றாள்.