முள்ளும் நாலு பொய்யும்

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியில் பிறந்தது. அதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதனால் ஊரே இருண்டிருக்கும். [எழுதப்போகிறேன் என்றதும் மகள் சொன்னாள்: "அப்பா, நாலு பொய்க்கு மேல போகக்கூடாது." எண்ணிக்கொள்ளுங்கள்.]

சூரியன் செத்துப்போன அந்த நண்பகலில்...

வேண்டாம். வெறும் கிரகணம். முக்கால் மணி நேரத்தில் ஆள் திரும்பிவிட்டார்.

2

மின்சாரத்தைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சரியாக இருக்க வேண்டும். இருந்தால் அதிர்வெண் மானியின் முள் ஐம்பது ஹெர்ட்ஸில் நிற்கும். செலவு மிஞ்சினால் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். ரொம்ப விலகினால் மின்நிலையங்கள் கோபித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும், ஊர் இருண்டுவிடும்.

கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தாறு வருடம் அந்த முள்ளை முறைத்துப் பார்த்தே அடக்கினேன் [பொய் ஒன்று]. இப்போது அந்த நாற்காலியில் என் மகள். எங்கள் கூடத்துச் சுவரிலும் அதே மாதிரி மானி ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற அன்று, கடிகாரம் வேண்டாமென்று கேட்டு வாங்கியது.

கிரகணத்தில் கூரைச் சூரியத் தகடுகள் படுத்துவிடும். அதனால் மகள் ஊருக்கே செய்தி அனுப்பியிருந்தாள்: "பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் அணையுங்கள்." ஒரு கோடி வீடுகள் [இரண்டு, அறுபதாயிரம்தான்] அணைத்தன. முள் அசையவில்லை. கைதட்டினேன்.

வெயில் திரும்பியது. முள் ஏறியது. 50.2. 50.4.

3

அப்போது நான் என் அனுபவத்தையெல்லாம் திரட்டி...

அடித்துவிட்டேன். இந்தப் பாத்திரத்தை, அதாவது என்னை, எனக்கே நம்ப முடியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஈரத் துணியோடு வாஷிங் மெஷின் முன் காத்திருந்த மனைவிதான் கேட்டாள்.

"ஏங்க, அணைக்கச் சொன்னா சரி. திரும்ப எப்பப் போடணும்னு சொல்லவே இல்லையே?"

"வெயில் வந்தா தானா போடுவாங்க."

"நான் போட்டேனா? உங்க பொண்ணு சொல்லட்டும்னுதானே நிக்கிறேன்! ஊரே இப்படித்தான் நிக்கும். சிலையாட்டம் பாக்காம போனப் போடுங்க!"

போட்டேன். "ம்மா, போடச் சொல்லவே இல்லையேம்மா!"

"ஐயோ! அப்பா, போனை வைங்க!"

உடனே செய்தி வந்தது: "எல்லாவற்றையும் போடுங்கள்."

வாழ்நாளெல்லாம் "அணையுங்கள்" என்று ஊரைக் கெஞ்சியவன் நான். போடச் சொல்லிக் கேட்டது அன்றுதான்! மனைவி மெஷினை, இஸ்திரிப் பெட்டியை, தண்ணீர் மோட்டாரை. நான் கீசரை, வெறும் மிக்ஸியை, பட்டப்பகலில் பரண் விளக்கை. தெரு முழுக்க உறுமல். எதிர்வீட்டுத் தையல்காரர் மாடியிலிருந்து கத்தினார்: "சார், போதுமா? வெல்டிங் மெஷின் இரவல் வாங்கட்டுமா?"

50.3. 50.2. 50.1.

4

முடிவு அ: மனைவி முள்ளைப் பார்த்தாள், அது பயந்து இறங்கியது [மூன்று].

முடிவு ஆ: மகள் கூப்பிட்டாள். "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். என்னிடம் பேசவே இல்லை. [இது சத்தியம்.]

மிச்சம் ஒரு புள்ளி, ஒரு பொய். இரண்டும் உங்களுக்கு. அந்தக் கடைசிப் புள்ளியை இறக்கி முள்ளை ஐம்பதில் நிறுத்தியது உங்கள் வீட்டு மின்விசிறி. எழுந்து போய்ப் போடுங்கள், உண்மையாகிவிடும்.